வெள்ளம் ஆள் பார்த்து வருமா?

நீண்ட குன்று எனப் பெயர் பூண்ட புக்கிட் பாஞ்சாங்கில், அடுக்குமாடி வீட்டில் அமர்ந்து வெள்ளத்தைப் பற்றி எழுதுவானேன்? ஆப்பிரிக்காவில் டர்பன் நகரத்து ஆறு பெருகினால் நமக்கென்ன? இங்ஙனம் வினவுவோர் உளர். அவ்வெள்ளத்தில் மாண்டவருள் நம்மவரும் உண்டு. அவரை மாய்த்த வழக்கமோ இன்று நம் வாயிலிலேயே நிற்கின்றது. இதுவே நமது விடை.

1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேறி நேட்டாலின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தவருட் பலர், ஒப்பந்தம் தீர்ந்தபின் டர்பனை அடுத்த உம்கேனி ஆற்றின் தாழ்நிலத்தில் தகரக் குடிசையிட்டுக் காய்கறி பயிரிட்டனர். மேட்டுநிலம் எவர்க்கு, பள்ளம் எவர்க்கு என்பதை நிறமும் பணமும் தீர்த்துவிட்டன. 1917 அக்டோபரில் ஆறு பெருகிற்று. குடிசைகள் உயிர்களோடு அடித்துச் செல்லப்பட்டன. அவ்வெள்ளத்தில் மாரிமுத்து படவத்தனும் தோழர் ஐவருமாகிய இந்திய மீனவர் அறுவர் படகு செலுத்தி 176 பேரைக் கரையேற்றினர். நம் பண்பாடு என்று மார்தட்டத் தக்கது இதுவன்றோ?

நிற்க. நிறவாரியாகக் குடியிருப்பைப் பிரிக்கும் சட்டம் 1950இல் அங்கே பிறந்தது, 1991இல் ஒழிந்தது. எனினும் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அப்பகுதியில் நானூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆற்றோரக் குடிசைகளில் வாழ்ந்த ஏழை ஆப்பிரிக்கர் பெருந்துயர் உற்றனர். சட்டம் போயிற்று, பள்ளம் போகவில்லை.

இதனை விதி என்பார் சிலர். மழை இயற்கை, ஒப்புகிறோம். பள்ளத்தில் குடிவைத்தது எந்த இயற்கை? "அவர்களுக்கு அது பழகிப்போயிற்று" என்று மேட்டிலிருப்போர் சொல்லும் சொல்லே மழையினும் கொடிது.

அச்சொல் நம் நாவிலும் இல்லையா? 2020இல் கொள்ளைநோய் சிங்கப்பூருக்கு வந்தது. ஓரறையில் பன்னிருவரும் அதற்கு மேலும் நெருங்கிப் படுத்த தொழிலாளர் விடுதிகளில், அவ்வாண்டு முடிவுக்குள் நூற்றுக்கு 47 பேரை அது தொற்றியதென அரசாங்கமே கணக்குக் காட்டிற்று. அவருள் தமிழர் பல்லாயிரவர். 2021இல் புதிய விடுதிகளுக்கு அறைக்குப் பன்னிருவர்க்கு மேல் கூடாதென விதிமுறை வகுக்கப்பட்டது. ஓர் உத்தரவால் மாறத்தக்கது விதியாவது எங்ஙனம்?

இன்றும் லாரியின் பின்தட்டில் அமர்ந்து நம் சகோதரர் வேலைக்குச் செல்கின்றனர். மாடியிலிருந்து அதனைக் காணும் நாம், "ஊரிலும் இப்படித்தானே" என்று கதவைச் சாத்துகிறோம். சேரிக்கு ஒரு மூலை வகுத்த பழைய புத்தி கடல் கடந்தும் கரையவில்லை.

தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் தோழர்களே! லயத்து வரிசையில் பிறந்த நம் பாட்டன்மாரையும் அந்நாளில் "பழகிவிட்டது" என்றே தள்ளினார்கள். அதே சொல்லை நாம் பிறர்மீது வீசலாமா? வெள்ளம் ஆள் பார்த்து வருவதில்லை. ஆளைப் பார்த்துப் பள்ளத்தில் நிறுத்துவது மனிதன். நிறுத்தியவன் நினைத்தால் மேடேற்றவும் முடியும்.