விதைநல்கையும் வெந்த காடும்

காடு எரிந்து கரியான பின்னர்ப் பல்கலைக்கழகத்தார் கண் விழிக்கின்றனர். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 'விதைநல்கை' என்றொரு வழக்கம் உண்டு. காட்டுத்தீயைத் தாங்கும் வலிமையை ஊர்களுக்கு உண்டாக்குவது எவ்வாறு என ஆய்வதற்குப் பேராசிரியர் சிலரைக் கூட்டிச் சில பத்தாயிரம் தாலரை அளித்து, ஓராண்டில் முதற்கட்ட முடிவைக் காட்டச் சொல்வர். அம்முடிவைக் கொண்டு அவர்கள் நடுவணரசிடம் பெருநல்கை வேண்ட வேண்டும். ஒரு நல்கையை விதைத்தால் முளைப்பது இன்னொரு நல்கை!

ஆய்வே வேண்டா என்பார் யாருமிலர். புகை நுரையீரலை என்செய்யும், எரிந்த மலைச்சரிவில் மழை பெய்தால் மண் எவ்வாறு சரியும் என்பன அறிய வேண்டுவனவே. ஆனால், அறிந்ததைச் செய்யாது விட்டு, அறியாததைத் தேடுவதாகக் காட்டிக்கொள்வது அறிவாகுமா?

கலிபோர்னியாவைப் பாருங்கள். கிளாமத்து ஆற்றங்கரையில் வாழும் கரூக்கு, யூரோக்கு மக்கள் தொன்றுதொட்டுக் காட்டின் அடிப்புறத்துக்குச் சிறுதீயிட்டு வந்தவர்கள். சருகு எரியும், பெருமரம் நிற்கும், கூடை முடைவதற்கான கோல் நேராகத் துளிர்க்கும், கருவாலிக் கொட்டையைத் துளைக்கும் புழு மடியும். 1850-இல் அம்மாநிலம் இயற்றிய சட்டமொன்று, தொல்குடியினரை 'ஆளவும் காக்கவும்' எனப் பெயர் பூண்டு, புல்வெளிக்குத் தீயிடுவோரை ஒறுக்கலாம் என்றது. காப்பதாம்! அதே சட்டத்தின் நிழலிற்றான் அவர்தம் பிள்ளைகள் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டனர். பின்னர் விடுதிப் பள்ளிகளில் தாய்மொழி பேசவும் தடுக்கப்பட்டனர். எந்தத் திங்களில், எந்தக் காற்றில், எந்தச் சரிவில் தீயிடுவது என்னும் அறிவெல்லாம் அம்மொழிகளிற்றான் இருந்தது. மொழி போகும் வழியே அறிவும் போகும் என்பதைத் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

1910-இல் ஐடகோ, மொண்டானாப் பகுதிகளில் ஏறத்தாழ 30 இலக்கம் ஏக்கர் எரிந்தது. அஞ்சிய காட்டுத்துறை, தீ எதுவாயினும் பகையே எனக் கொண்டது. கண்ட தீயை மறுநாட் காலை 10 மணிக்குள் அடக்க வேண்டும் என 1935-இல் நெறி வகுத்தது. அடக்க அடக்கச் சருகு குவிந்தது. பெர்க்கிலியில் ஆரல்ட் பிசுவெல் என்னும் பேராசிரியர் 1940-களின் இறுதி தொட்டே, அளவாக எரிப்பதே காட்டைக் காக்கும் என்று மெய்ப்பித்தார். அவர்க்குக் கிடைத்தது 'தீவட்டி ஆரி' என்னும் ஏளனப் பெயர்.

இனி, ஆய்வே வேண்டாத செய்தி ஒன்று. 2018 நவம்பர் 8-இல் பாரடைசு என்னும் ஊர் வெந்து 85 பேர் மாண்டனர். ஏறத்தாழ நூறாண்டுப் பழமையுடைய மின்கோபுரக் கொக்கி ஒன்று தேய்ந்து அறுந்ததே அதன் தொடக்கம். தேய்ந்த கொக்கியை மாற்ற எந்த விதைநல்கை வேண்டும்? பசிபிக் கேசு அண்டு எலெக்ட்ரிக் குழுமம் 2020-இல் 84 உயிர்க்கொலைக் குற்றங்களை ஒப்புக்கொண்டது. அதற்கு இட்ட தண்டம் ஏறத்தாழ 35 இலக்கம் தாலர்!

வீடுகள் பெரும்பாலும் பறந்து வரும் கங்குகளாலேயே பற்றிக்கொள்கின்றன என்பதும் பழைய அறிவே. வீட்டைச் சுற்றி 5 அடிக்கு எரியும் பொருள் இருத்தலாகாது எனும் நெறிமுறையை 2023 சனவரி 1-க்குள் வகுக்குமாறு 2020-இல் கலிபோர்னியா சட்டம் செய்தது. 2025 சனவரியில் இலாசு ஏஞ்சலிசுப் புறப்பகுதிகளில் 16,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள் சாம்பலாகி, முப்பதின்மேற்பட்டோர் இறந்தபொழுதும் அந்நெறிமுறை முடிவாகவில்லை. ஏட்டில் குறையா? எழுந்து செய்வாரிற் குறையா?

தொல்குடியினர் அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு தம் முறையில் தீயிடலாம் என 2024-இல் ஒரு சட்டம் வந்தது. தடுத்து 174 ஆண்டு கழிந்த பின்னர்! தீயிடத் தெரிந்த முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர். நல்கை பகிரும் அவையில் பேராசிரியர்க்குப் பக்கத்தில் அவர்களுக்கும் இருக்கை இடட்டும். கேட்டுக் குறித்துக்கொள்வதோடு நில்லாமல், உரிய ஊதியமும் கொடுக்கட்டும்.