ஃபேர்னா சிவப்பா, நியாயமா?

இந்த வாரம் நம்மகிட்ட சிக்கின வார்த்தை 'ஃபேர்'. இங்கிலீஷ்ல நாலே எழுத்துதான். ஆனா அர்த்தத்தை எண்ண ஆரம்பிச்சா, ஒரு கை விரல் பத்தாது!

அப்சர்வேஷன் நோட்ல கிறுக்கினதை, அடித்தல் திருத்தல் இல்லாம ரெக்கார்டுல எழுதுறோமே... அது 'ஃபேர் காப்பி'. இங்கே ஃபேர்னா சுத்தமான, பிழையில்லாத.

ப்ராபபிலிட்டி க்ளாஸ்ல வர்ற 'ஃபேர் காயின்'? பூவுக்கும் தலைக்கும் சரிபாதி சான்ஸ் தர்ற நாணயம். பாரபட்சம் பார்க்காத பார்ட்டி.

தெருமுனை ரேஷன் கடையும் 'ஃபேர் பிரைஸ் ஷாப்'தான். தமிழ்ல நியாய விலைக் கடை.

மாக் இன்டர்வியூ முடிஞ்சு, ஷீட்ல 'கம்யூனிகேஷன்: ஃபேர்'னு போட்டிருந்தா உடனே ட்ரீட் வெச்சுடாதீங்க. எக்ஸலன்ட், குட், ஃபேர், புவர் வரிசையில அதுக்கு அர்த்தம் 'ஏதோ பரவாயில்லை'!

பர்த்டே ட்ரீட்டுக்கு முதல் ஆளா வந்துட்டு, அரியர் ஃபீஸுக்கு கடன் கேட்டா காணாமப் போறவன், 'ஃபேர் வெதர் ஃப்ரெண்ட்'. வானம் தெளிவா இருக்கிறவரைக்கும்தான் அந்த நட்பு.

'புக் ஃபேர்' மட்டும் வேற வம்சம். திருநாளைக் குறிக்கிற லத்தீன் வார்த்தையில இருந்து வந்தது. பேரு ஒண்ணு, இனிஷியல் வேற!

இப்போ மேட்டருக்கு வருவோம். பழைய இங்கிலீஷ்ல இந்த வார்த்தைக்கு 'அழகான'ங்கிறதுதான் அர்த்தம். அழகானது குறையில்லாதது ஆச்சு, குறையில்லாதது நியாயமானது ஆச்சு. இன்னொரு பக்கம், அதே வார்த்தை வெளுத்த தோலையும் குறிக்க ஆரம்பிச்சது. வெள்ளைன்னா அழகுன்னு ஒரு கணக்கு, ஒரே வார்த்தைக்குள்ள சத்தமில்லாம உட்கார்ந்துடுச்சு. 1609-ல புத்தகமா வந்த சானட்கள்ல, கறுப்பான ஒரு பெண்ணைப் பாடும்போது ஷேக்ஸ்பியரே இந்த வார்த்தையை வெச்சு விளையாடியிருக்கார்.

தமிழ் மட்டும் என்னவாம்? 'செம்மை'ன்னா சிவப்பு, செம்மைன்னா நேர்மையும்கூட. நியாயமான ஆட்சிக்கு செங்கோல்னுதானே பேரு? ஆனா பொண்ணு பார்க்கப் போறவங்க தேடுறது எந்தச் செம்மையை? 'பொண்ணு நல்லா சிவப்பா இருக்கணும்!'

1975-ல 'ஃபேர் அண்ட் லவ்லி' க்ரீம் நம்ம ஊர் கடைகளுக்கு வந்தது. 2009-ல சென்னையின் 'விமன் ஆஃப் வொர்த்' அமைப்பு, கறுப்பும் அழகுதான்னு 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' பிரசாரத்தை ஆரம்பிச்சது. 2020-ல க்ரீம் பேரு 'க்ளோ அண்ட் லவ்லி' ஆச்சு. அதே வருஷம் 'ஷாதி டாட் காம்', தோல் நிறத்தை வெச்சு வரன் தேடுற வசதியைத் தூக்கிடுச்சு. ட்யூப்ல இருந்து ஃபேர் போயிடுச்சு ஓகே. நம்ம வாயில இருந்து?

நம்ம கேங்கையே பாருங்க. நிறத்தை வெச்சு பட்டப்பேர் வாங்கின ஒரு ஜீவன் கண்டிப்பா இருக்கும். கூப்பிடுறப்ப அவனும் சேர்ந்துதான் சிரிப்பான். க்ரூப் போட்டோ எடுக்கும்போது அவன் எங்கே போய் நிக்கிறான்னு ஒரு தடவை கவனிங்க.

ஒரு சின்ன ரிக்வெஸ்ட். அக்காவுக்கோ அண்ணனுக்கோ வரன் பார்க்கும்போது, 'நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே'ன்னு ஆன்லைன் ஃபார்மை நம்ம தலையிலதான் கட்டுவாங்க. நிறம் கேட்கிற கட்டம் வந்தா, தைரியமா காலியா விட்டுடுங்க. அம்மா கேட்டா, 'அது ஃபேர் இல்லம்மா'ன்னு சொல்லுங்க. அந்த வார்த்தைக்கு அதைவிட நல்ல யூஸ் இருக்கா என்ன?

அடுத்த வாரம், கல்யாண விளம்பரத்துல ஃபேருக்குப் பக்கத்து சீட்ல உட்கார்ற 'ஹோம்லி'. அமெரிக்கப் பொண்ணைப் பார்த்து அப்படிச் சொன்னா, 'நீ சுமார் மூஞ்சி'ன்னு அர்த்தம். அதுவரைக்கும் அங்கே யார்கிட்டயும் வாயை விட்டுடாதீங்க மக்களே!