போரிவிலி காடு யாருக்கு?

மும்பையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்து, பிள்ளைகளைப் படிக்க வைத்து, ஊரில் ஒரு வீடும் கட்டிவிட்ட தமிழர்கள் பலர் உண்டு. "போரிவிலி காட்டுக்குள் போனதுண்டா?" என்று அவர்களைக் கேட்டால், "அங்கே நமக்கு என்ன வேலை?" என்பதே பெரும்பாலும் பதிலாக இருக்கும். ரெயில் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் காட்டின் வாசல் வந்துவிடுகிறது. தூரம் காரணமல்ல என்பது தெளிவு.

சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது அரசாங்கப் பெயர். பழைய ஆட்களுக்கு இன்றும் அது போரிவிலி நேஷனல் பார்க்தான். பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். நாற்பது தாராவியை அதற்குள் வைக்கலாம். விகார், துளசி என்ற இரண்டு ஏரிகளும் இந்தக் காட்டு மழையில் நிரம்புகின்றன. விகார் 1860-லும் துளசி 1879-லும் பம்பாயின் குடிநீருக்காகக் கட்டி முடிக்கப்பட்டவை. இன்று நகருக்கு வரும் தண்ணீரில் பெரும்பகுதி தொலைவிலுள்ள அணைகளிலிருந்து வந்தாலும், இந்த இரண்டும் தங்கள் பங்கைக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. குழாயடியில் குடம் வைத்து நின்ற தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர் இந்தக் காட்டின் தண்ணீரைச் சுமந்திருப்பார்கள்!

பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து எழும் குடும்பத்துக்கு நிழலும் காற்றும் மற்ற எவரையும் விட அதிகம் தேவை. ஆனால் காட்டைப் பயன்படுத்துகிறவர்கள் யார்? விடியற்காலையில் காரில் வந்து நடைப்பயிற்சி செய்கிறவர்கள், விலையுயர்ந்த காமிராவுடன் பறவை பார்க்க வருகிறவர்கள். அவர்கள் வருவதில் குற்றம் ஒன்றுமில்லை. அவர்கள் மட்டுமே வந்தால் போதுமா என்பதுதான் கேள்வி.

கணக்குப் பார்த்தால் விஷயம் புரியும். வாசலில் ஒரு சீட்டு. கன்னேரி குகைகளைப் பார்க்கத் தொல்லியல் துறைக்குத் தனிச் சீட்டு. நடக்க முடியாதவர்களுக்கு வண்டிக் கட்டணம். ஐந்து பேர் உள்ள குடும்பம் இதையெல்லாம் கூட்டிப் பார்த்துவிட்டு, சீட்டு கேட்காத சவுபாத்திக்கும் ஜுகு கடற்கரைக்கும் போய்விடுகிறது. போதாததற்குத் திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. வார ஓய்வு அன்றைக்கு அமைந்தவர் கதி அதோகதிதான்.

கொல்லர் போட்ட பாதை

வாசலிலிருந்து கன்னேரிக்கு ஆறு கிலோமீட்டருக்கு மேல். நல்ல சாலைதான், நடக்கலாம். கன்னேரி என்ற பெயர் கிருஷ்ணகிரி என்பதன் திரிபு. (நம் மாநிலத்துக் கிருஷ்ணகிரிக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.) கரும்பாறையைக் குடைந்த நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் அங்கே உள்ளன. கி.மு. முதல் நூற்றாண்டில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகளுக்குக் குடைந்திருக்கிறார்கள். படுக்கக் கல் திண்ணை, மழை நீரைப் பிடிக்கப் பாறையில் வெட்டிய தொட்டி, தொட்டிக்குத் தண்ணீரைக் கொண்டுவரும் வாய்க்கால். மழைக்காலத்தில் ஊர் ஊராக அலையாமல் ஓரிடத்தில் தங்கவேண்டும் என்பது பௌத்தத் துறவிகளின் விதி. அப்படித் தங்க வந்தவர்கள் கால்நடையாக வந்தார்கள். தேவையான அளவே வைத்துக்கொண்டார்கள்.

செலவுக்குப் பணம் கொடுத்தவர்களில் பெரிய வணிகர்கள் மட்டும் இல்லை. கல்யாணைச் சேர்ந்த ஒரு கொல்லர் இங்கே பாதை போட்டுக் கொடுத்ததைக் கல்வெட்டு ஒன்று சொல்கிறது. உழைக்கும் மனிதன் தன் கைக்காசில் போட்ட பாதை அது. இன்று கல்யாணிலிருந்து தினமும் மின்சார ரெயிலில் தொங்கிக்கொண்டு வேலைக்கு வரும் தொழிலாளி, அந்தப் பாதையில் ஒருமுறைகூட நடக்கவில்லை என்றால் அது யோசிக்க வேண்டிய விஷயம் அல்லவா?

ஏழைக்கும் காட்டுக்கும் இடையே ஒரு பழைய கசப்பும் உண்டு. 1995-ல் தொடுத்த வழக்கில் 1997-ல் உயர் நீதிமன்றம் ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான குடிசைகள் இடிக்கப்பட்டன. பல மொழி பேசும் கூலிக்காரர்களின் குடிசைகள் அவை. ஒரு பகுதியினருக்குப் பல ஆண்டு காத்திருப்புக்குப் பின் சாந்திவிலியில் வீடு கிடைத்தது. காடு பிழைக்கவேண்டும் என்ற நீதிமன்றத்தின் கவலையைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அன்று முதல் "ஏழை வந்தால் காடு அழியும்" என்றொரு பேச்சு நிலைத்துவிட்டது. காட்டின் ஓரத்தில் எழும் மாடிக் கட்டடங்களோ, ஜன்னலில் காடு தெரியும் என்று சொல்லி விலை வைத்து விற்கப்படுகின்றன. காட்டுக்கு அடியிலேயே தானா வரை இரட்டைச் சுரங்கச் சாலை அமைக்கும் திட்டத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டியாகிவிட்டது. குடிசைக்காரனைக் கண்டு பயந்தவர்கள் இவற்றைக் கண்டு அவ்வளவாகப் பயப்படவில்லை.

வெளியே அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள், இனி முன்வாசல் வழியாக விருந்தாளிகளாக உள்ளே வரவேண்டும். பகலில் மட்டுமல்ல, ஓர் இரவும் தங்கவேண்டும்.

சிறுத்தை இல்லையா?

இருக்கிறது. 2015-ல் தானியங்கிக் காமிரா வைத்து எண்ணியபோது காட்டிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் 35 சிறுத்தைகள் பதிவாயின. 2004-ல் சிறுத்தை தாக்கிப் பலர் உயிரிழந்ததை மும்பை மறக்கவில்லை. வேறிடங்களில் பிடித்த சிறுத்தைகளை இங்கே கொண்டுவந்து விட்டது தொல்லையைக் கூட்டியது என்பது பின்னால் ஆராய்ந்தவர்கள் கண்டது. குப்பை சேர்ந்தால் நாய் சேரும். நாயைத் தேடிச் சிறுத்தை வரும். இதைத் தெரிந்துகொண்டு, இருட்டில் குழந்தைகளைத் தனியே விடாமல் வாழப் பழகியவர்கள் காட்டுக்குள்ளிருக்கும் வார்லி ஆதிவாசிகள்.

ஆகவே நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தேசியப் பூங்காவுக்குள் நுழையவும் தங்கவும் அனுமதி வேண்டும். தீ மூட்டக் கூடாது. சட்டத்தின் இந்தக் கண்டிப்பு சரியானதே. வனத்துறை குறிப்பிடும் ஓரிடத்தில், காவலர் துணையோடு, ஆதிவாசி இளைஞரை வழிகாட்டியாக வைத்து, வண்டி இல்லாமல் நடந்து போய், ஓரிரவு படுத்துவிட்டு நடந்து திரும்பலாம். வழிகாட்டிக்குக் கூலி கிடைக்கும். பிள்ளைகளுக்குப் பயம் தெளியும். கூடவே மரியாதையும் வரும்.

மாநகராட்சி தமிழ்ப் பள்ளிகளிலிருந்து இதைத் தொடங்கலாம். பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் வசூல் செய்யும் தமிழ்ச் சங்கங்களுக்கு இது பெரிய செலவாகாது. பாய், போர்வை, கட்டுச்சோறு, தண்ணீர், போதும். ஒலிபெருக்கி வேண்டாம். பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்குக்குப் புளியோதரை போடும் தர்ம காரியமும் வேண்டாம். போன இடத்தில் பாட்டில் உடைத்துவிட்டு வருவதை உல்லாசம் என்று நினைக்கிற சில பெரியவர்களை வீட்டிலேயே விட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகளுக்குக் காட்ட அங்கே எவ்வளவோ இருக்கிறது. எட்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் கார்வி, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் இனம். 2016-லும் 2024-லும் பூத்தது, அடுத்து 2032. அதன் தண்டைக் கட்டி மண் பூசித்தான் வார்லிகள் வீட்டுச் சுவர் எழுப்புவார்கள். பாடப்புத்தகத்தில் குறிஞ்சித் திணை படிக்கும் பிள்ளைக்கு, அதன் உறவுக்காரச் செடி மின்சார ரெயிலில் போகும் தூரத்தில் நிற்கிறது என்று யாராவது சொல்லவேண்டும்.

வனத்துறையும் செய்யவேண்டியது உண்டு. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எல்லாச் சீட்டுக்கும் சேர்த்து ஒரே குறைந்த கட்டணம் வைக்கவேண்டும். எந்த மொழிப் பள்ளியானாலும் சரி. மராத்தி, உருதுப் பள்ளிப் பிள்ளைகளும் இதே பத்துக்குப் பத்து அறையில்தான் படுக்கிறார்கள்.

மழைக்காலத்தில் ஓடைகள் திடீரெனப் பெருகும். கோடையில் சருகு தீப்பிடிக்கும். தங்குவதற்கு ஏற்றது தீபாவளி முதல் மாசி வரை. தலைமை ஆசிரியர்களும் சங்கச் செயலாளர்களும் மனு எழுதுவதானால் மழை நிற்கும் வரை காத்திருக்கக் கூடாது. அரசாங்க அலுவலகத்தில் ஒரு கடிதம் மேசை விட்டு மேசை நகர எத்தனை நாளாகும் என்பது இந்தப் பக்கத்தைப் படிக்கும் குமாஸ்தாக்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.