பார்த்தவருக்கு இல்லாத பழி

தியாகராஜன் குமாரராஜாவின் ‘சூப்பர் டீலக்ஸ்’ (2019) படத்தில், நண்பர்களோடு ஆபாசப்படம் பார்க்கும் சிறுவன் திரையில் தன் தாயையே காண்கிறான். அவளைக் கொல்லக் கிளம்புகிறான். பார்க்கப் போன தன்மேல் அவனுக்குக் கோபமில்லை. நம் ஊர் நியாயமும் இதுதான்: நடித்தவள் ஒதுக்கப்படுகிறாள், பார்த்தவர்கள் மதிப்போடு நடமாடுகிறார்கள். ரம்யா கிருஷ்ணன் ஏற்ற அந்தத் தாய் லீலாவின் தனிமை இந்த ஓரவஞ்சனையில் பிறந்தது.

இப்படிப் பேசுவது பாவத்துக்கு வக்காலத்து வாங்குவதாகும் என்று இலங்கையின் கல்முனையில் சிலர் சொல்லக்கூடும். ஆபாசப்படத் தொழில் நல்லதென்று நான் சொல்லவில்லை. ஆனால் குர்ஆனின் சூரா அந்நூர் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் பணிப்பது ஆண்களைத்தான். பெண்களுக்கான கட்டளை அடுத்த வசனத்தில் வருகிறது. பார்ப்பவர் இருக்கும்வரை அந்தச் சந்தையும் இருக்கும். கண்டிப்பதானால் அவரிடமிருந்தே தொடங்குவோம்.