கால் தளர்ந்தால் உருவிவிட்டால் போதுமா?

மாணவர்களே, வீட்டில் ஒருவர் காலை இழுத்து இழுத்து நடந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? எண்ணெய் தேய்க்கிறோம். அடுத்து, உடம்பு பிடித்துவிட பிரிக்ஃபீல்ட்சுக்கு அழைத்துப் போகிறோம். அங்கே பார்வையற்றவர்கள் பிடித்துவிட்டால் இறுகிய தசைக்கு நல்ல இதம் கிடைக்கும். அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் கோளாறு தசையில் இல்லாமல் மூளையிலோ தண்டுவடத்திலோ இருந்தால்?

'மல்டிபல் ஸ்கிளிரோசிஸ்' அப்படிப்பட்ட நோய். 1868இல் பாரிஸ் மருத்துவர் சார்க்கோ இதைத் தெளிவாக விவரித்தார். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல் நரம்பிழைகளுக்கு மெய்லின் உறை உண்டு. தடித்த உறையுள்ள இழையில் செய்தி வினாடிக்குச் சுமார் 100 மீட்டர் வேகத்தில் பாயும். நம் நோய் எதிர்ப்பு அணுக்களே அந்த உறையை அரித்தால், செய்தி தாமதமாகும். சில வேளை நின்றே போகும். மூளையிலிருந்து காலுக்குச் செல்லும் பாதை நீளமானது. வழியில் எங்கே உறை பழுதானாலும் கால் தளரும்.

இன்னொரு வேடிக்கை, வெயில். உடல் வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் கூடினாலே பழுதான இழையில் செய்தி தடைபடலாம். உடல் சூடேறும்போது பார்வை மங்குவதை ஜெர்மானியக் கண் மருத்துவர் ஊட்ஹோஃப் 1890இல் எழுதிவைத்தார். காலுக்கும் அதே கதைதான். காலையில் நன்றாக நடந்தவர் கிள்ளான் கடைத்தெருவின் நண்பகல் வெயிலில் தள்ளாடுவார்; நிழலில் உட்கார்ந்தால் தேறுவார். இதைப் பார்த்து "நடிக்கிறார்" என்று சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நரம்பியல் நிபுணர் எதற்கு? இந்நோய் நம் நாட்டில் அரிது. அதோடு, இதைப் போலவே காலையும் கண்ணையும் தாக்கும் 'நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா' என்ற வேறொரு நோய் ஆசியர்களிடம் குறிப்பிடத்தக்க அளவில் உண்டு. அதைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருப்பது 2004இல்தான் தெரியவந்தது. முதல் நோய்க்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான் பீட்டா மருந்து இரண்டாவதை மோசமாக்கக்கூடும்! எம்.ஆர்.ஐ. படமும் இரத்தப் பரிசோதனையும் பார்த்துப் பிரித்தறிய வேண்டிய விஷயம் இது. ஊகத்தில் மருந்து கொடுக்கக்கூடாது.

வழி எளிதுதான். அரசாங்க சுகாதார கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்த்து, நரம்பியல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையிலும் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் அப்பிரிவு உண்டு. "வயசானால் அப்படித்தான்" என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள். இந்நோய் பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. இயன்மருத்துவரிடமும் அனுப்பச் சொல்லுங்கள். பாதம் தொங்கினால் அதைத் தாங்கும் பட்டை, நடைப் பயிற்சி எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

அம்மாவுக்கோ பாட்டிக்கோ மலாயில் பேசத் தயக்கமாக இருந்தால் கூடப் போவது நீங்கள்தானே? எந்தக் கால், எப்போதிலிருந்து, எவ்வளவு தூரம் நடந்தால் தளர்கிறது, முன்பு எப்போதாவது ஒரு கண் சில நாள் மங்கியதா, சிறுநீரை அடக்க முடிகிறதா என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கால் திடீரென்று செயலிழந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கடிதத்துக்குக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.