முதுபெரும் ஆட்டக்காரருக்கு என்ன விலை?

அமெரிக்காவிலே உயர்கல்வி பயிலும் வாசகர் ஒருவர், அங்குள்ள தோழர்களுடன் கூடிப் பேஸ்போல் "கற்பனைக் கழகம்" ஒன்றிற் சேர்ந்திருக்கிறாராம். வயது சென்ற உள்தள வீரர் ஒருவரை ஏலத்தில் எடுக்கலாமா, எடுப்பின் எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதிக் கேட்டிருக்கிறார். கேள்வி சிறிதெனினும் விடை எளிதன்று.

விளையாட்டை அறியாத நேயர்களுக்காக ஒரு சொல். டானியல் ஒக்ரென்ற் என்னும் எழுத்தாளரும் அவர்தம் நண்பர்களும் 1980ஆம் ஆண்டிலே தொடக்கி வைத்தது இது. அவர்கள் கூடி உணவருந்திய நியூயோர்க் உணவுச்சாலையின் பெயரால் "றொட்டிசெறி" என்று வழங்கலாயிற்று. ஒவ்வொருவரும் கணக்கில் 260 டொலர் வைத்துக்கொண்டு 23 ஆட்டக்காரரை ஏலத்தில் எடுப்பதே வழக்கம். அவ்வாட்டக்காரர் மெய்யான மைதானத்திற் பெறும் புள்ளிகள் எடுத்தவர் ஏட்டிலே சேரும். மட்டை பிடிப்போருக்கு இந்நாளில் ஐந்து பத்திகள் உண்டு: ஓட்டம், ஹோம் ரன், அடித்து உள்ளே கொணர்ந்த ஓட்டம், திருடிய தளம், அடிச்சராசரி. (திருட்டு என்றதும் திடுக்கிட வேண்டாம். பந்து வீசப்படும் வேளை பார்த்து அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதே அது, ஆட்டவிதிக்கு உட்பட்டதே.)

பந்தைத் தடுத்துப் பிடிக்கும் திறமைக்கு இவற்றுட் பத்தியே இல்லை என்பதை முதலிற் கவனிக்க வேண்டும். உள்தள வீரரின் பெருமையிற் பாதி தடுப்பாட்டத்தில் இருக்க, ஏலத்தில் அதற்கு ஒரு சதமும் பெறுமதி கிடையாது.

நியூயோர்க் யாங்கீஸ் அணியின் டெறெக் ஜீற்றரை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு இடையே நிற்கும் ஷோர்ட்ஸ்டொப் அவர். அவருடைய தடுப்பாட்டம் நன்றா தீதா என்று கணக்காளர்கள் ஆண்டுக்கணக்காய்ச் சண்டையிட்டார்கள். ஐந்து முறை தங்கக் கையுறைப் பரிசு பெற்றவர் என்பர் ஒரு சாரார். எட்ட வேண்டிய பந்தை எட்டாதவர் என்பர் மறு சாரார். கற்பனைக் கழகத்தாருக்கு அந்த வழக்கே தேவையில்லை.

2009இல் ஜீற்றரின் சராசரி .334, திருடிய தளங்கள் 30. அடுத்த ஆண்டே சராசரி .270 ஆகச் சரிந்தது. வயது 36. மனிதர் ஓய்ந்தார் என்று பலரும் முடிவு கட்டினர். அவர் அடித்த பந்துகளில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு தரையோடு உருண்டவை. அப்படி உருளும் பந்து, நிற்பவர் கைக்குப் போவதும் இடையே நழுவுவதும் ஓரளவு அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆகவே ஓராண்டுச் சரிவைக் கண்டு முதுமை என்று துணிவது அவசரம். 2011இல் .297 என்று மீண்டார். 2012இல், 38 வயதில், 683 வாய்ப்புகளில் 216 ஹிட் அடித்துப் பெருங்கழகங்கள் இரண்டிலும் முதல்வரானார்.

இங்கே ஒரு சிறு கணக்கு. உங்கள் குழுவின் சராசரி .270 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே 683 வாய்ப்புக்கு 184 ஹிட்டே கிடைத்திருக்கும். ஜீற்றர் தந்தது அதற்கு மேல் 32. வாய்ப்புகள் மிகுதியாக இருந்தமையாலேயே அச்சராசரிக்கு அத்தனை நிறை. முந்நூறு வாய்ப்பில் அதே .316 அடித்தவர் இதிற் பாதியும் தந்திரார்.

அவ்வாண்டு ஒக்டோபர் 13இல் டெற்றொயிற் அணியுடன் நடந்த ஆட்டத்தில், உருண்டு வந்த பந்தைப் பிடிக்கப் பாய்ந்தபோது அவருடைய இடக் கணுக்கால் முறிந்தது. அதிர்ஷ்டம் கெட்டதற்கும் எலும்பு முறிந்ததற்கும் உள்ள வேற்றுமையை அன்பிற் கட்டுண்டோர் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. முதலாவது தானே திரும்பும். 38 வயதுக் கணுக்கால் அப்படித் திரும்பும் என்று பணம் கட்டலாகாது. 2013 ஜூலையில் மீண்டு வந்தவர், வந்த அன்றே தொடைத் தசையை நோகச் செய்துகொண்டார். அவ்வாண்டு ஆடியது 17 ஆட்டங்களே, சராசரி.190.

2014இல் உடல் ஒத்துழைத்தது. 145 ஆட்டங்கள் ஆடினார். அவருடைய பெயருக்குள்ள மதிப்பினால் அணியும் அவரை அடிக்கும் வரிசையின் மேலிடத்திலேயே வைத்திருந்தது. ஆனால் அந்த மதிப்பே கற்பனைக் கழகத்தில் பாரமாயிற்று. 581 வாய்ப்புகளில் 149 ஹிட், அதாவது .256. முன்னர் சொன்ன .270 குழுவுக்கு எட்டு ஹிட் குறைவு. எட்டுத்தானே என்பீர்கள், ஹோம் ரன் 4, ஓட்டம் 47 என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேறொருவராயின் பாதி ஆண்டிலேயே வெளியே உட்கார வைத்திருப்பர்.

ஆகையால் கடிதம் எழுதிய அன்பர், வீரரின் வயதைக் கேட்குமுன் சென்ற ஆண்டு அவர் எத்தனை வாய்ப்புப் பெற்றார், எதனால் சரிந்தார் என்று பார்க்கட்டும். சரிவுக்கு அதிர்ஷ்டமே காரணமாயின் பிறர் அஞ்சி விடும்போது மலிவாய் எடுக்கலாம். காலோ முழங்கையோ காரணமாயின் ஒரு டொலருக்கு மேற் செல்ல வேண்டாம். அந்த ஒரு டொலரையும் விலை கூட்டிக் கேட்க இன்னொருவர் இருப்பார், அவரிடமே விட்டுவிடலாம்.

2014 செப்டெம்பர் 25இல், தம் சொந்த மைதானத்தில் ஆடிய கடைசி ஆட்டத்தை, ஜீற்றர் தம் அடியாலேயே வென்று முடித்தார். அரங்கத்திலே பலர் கண்ணீர் விட்டனர். அந்த அடிக்காகக் கழகத்தார் ஏட்டில் ஏறியது ஒரு ஹிட், உள்ளே கொணர்ந்த ஓட்டம் ஒன்று.