எண்கள் யாரைக் காக்க வேண்டும்?

ஒரு மாவட்டத்தில் வன்முறை எந்த அளவில் இருக்கிறது என்று கேட்டால், காவல் நிலையக் கணக்கை எடுத்துக் காட்டுவதே நம் நிர்வாகத்தின் வழக்கம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையும் அந்தக் கணக்குகளின் தொகுப்புதான். ஆனால், காவல் நிலையப் படியேறிய வன்முறை மட்டுமே அதில் இடம்பெறும். கணவனின் அடியால் கை முறிந்து, மருத்துவரிடம் "வழுக்கி விழுந்துவிட்டேன்" என்று சொல்லும் பெண் அந்த அறிக்கையில் இல்லை. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் (2019-21), தமிழ்நாட்டில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை எதிர்கொண்டதாகக் கூறியிருக்கிறார்கள். இவர்களில் மிகப் பெரும்பாலோருடைய துன்பம் எந்த முதல் தகவல் அறிக்கையிலும் பதிவாவதில்லை.

வன்முறையைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாகக் கருத வேண்டும் என்று உலக சுகாதாரப் பேரவை 1996-ல் தீர்மானம் நிறைவேற்றியது. குற்றம் நடந்த பின் தண்டிப்பது காவல்துறையின், நீதித்துறையின் பணி. எங்கே, எப்போது, யாருக்கு நடக்கிறது என்பதை ஆராய்ந்து, நடப்பதற்கு முன் தடுப்பது சுகாதாரத் துறையின் பணி. காய்ச்சல் பரவலைக் கண்காணிப்பதுபோல வன்முறையின் பரவலையும் கண்காணிக்கும் தரவு ஆய்வாளர்கள் இன்று பல நாடுகளில் பணியாற்றுகிறார்கள். தமிழ்நாட்டுக்கும் மாவட்ட அளவில் அத்தகையவர்கள் தேவை. அந்தப் பணியை எப்படி அமைக்க வேண்டும், எப்படி அமைத்துவிடக் கூடாது என்ற இரண்டு பாடங்களும் தேனி மாவட்டத்திலும், ஆண்டிப்பட்டிக் கணவாய்க்கு அப்பால் உள்ள உசிலம்பட்டி வட்டாரத்திலும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன.

பதிவேடு பேசிய காலம்

உசிலம்பட்டிப் பகுதியின் பெண் சிசுக்கொலை பற்றி 'இந்தியா டுடே' 1986-ல் வெளியிட்ட முகப்புக் கட்டுரை நாட்டையே உலுக்கியது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. 2001-ல் தேனி, மதுரை, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் பொது விவாதம் இரு துருவங்களில் நின்றது. ஒரு தரப்பு இதை ஒரு வட்டாரத்தின், ஒரு சமூகத்தின் கொடும் வழக்கம் என்றது. மறுதரப்பு, பத்திரிகைகள் பெரிதுபடுத்துகின்றன என்றது. எத்தனை குழந்தைகள், எந்தெந்த ஊர்களில் என்ற கேள்விக்கு இரு தரப்பிடமும் பதில் இல்லை.

பதில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருந்தது. ஒவ்வொரு பிறப்பையும் சிசு மரணத்தையும் கிராம சுகாதார செவிலியர்கள் பதிவு செய்துவந்தனர். மரணக் காரணத்துக்கான பத்தியில், சில பெண் குழந்தைகளின் பெயருக்கு நேரே "சமூகக் காரணங்கள்" என்று எழுதப்பட்டிருந்தது. வெளிப்படையாக எழுத முடியாத ஓர் உண்மைக்கு அவர்கள் கொடுத்த பெயர் அது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் இந்தப் பதிவேடுகளை மாநில அளவில் தொகுத்து ஆராய்ந்து, 1997-ல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி' இதழில் வெளியிட்டனர். 1995-ஆம் ஆண்டின் பதிவேடுகளின்படி, தமிழ்நாட்டில் அவ்வாறு இறந்த பெண் சிசுக்களின் எண்ணிக்கை 3,000-க்கும் அதிகம்.

எண்ணிக்கையைவிட, அதைச் சோதித்துப் பார்க்க உதவும் வழி முக்கியமானது. பிறந்த முதல் சில நாள்களில் பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளே அதிகம் இறப்பார்கள் என்பது உலகெங்கும் காணப்படும் உயிரியல் உண்மை. ஓர் ஊரில் அந்தக் கணக்கு தலைகீழாக இருந்தால், அங்கே இயற்கைக்கு அப்பாற்பட்ட ஒன்று நடக்கிறது என்று பொருள். யாரையும் விசாரிக்காமல், எவருடைய பெயரையும் வெளியிடாமல், பதிவேட்டில் உள்ள இரண்டு எண்களை ஒப்பிட்டாலே போதும். இவ்வாறு பார்த்தபோது, மதுரை, தேனி, திண்டுக்கல் தொடங்கி கரூர், நாமக்கல், சேலம் வழியாகத் தருமபுரிவரை ஊராட்சி ஒன்றியங்கள் ஒரு தொடர் பட்டையாகத் தெரிந்தன. உசிலம்பட்டியோடு முடிந்துபோகும் கதையல்ல இது என்பதும், பல சமூகங்கள் இதில் உண்டு என்பதும் அப்போதுதான் மறுக்க முடியாதபடி வெளிப்பட்டன.

அந்த வரைபடம் நடவடிக்கைக்கும் வழிகாட்டியது. தருமபுரியில் 1990-களின் இறுதியில் டென்மார்க் அரசின் உதவியுடன் நடந்த சுகாதாரத் திட்டத்தின்கீழ், பாதிப்பு மிகுந்த ஒன்றியங்களுக்குக் கலைப்பயணங்கள் சென்றன. உள்ளூர் இளைஞர்களே நடித்த வீதி நாடகங்கள், வரதட்சிணையையும் பெண்ணின் உழைப்புக்குரிய மதிப்பையும் ஊர் நடுவில் விவாதத்துக்குக் கொண்டுவந்தன. எங்கே பேச வேண்டும் என்பதை எண்கள் காட்டின. என்ன பேச வேண்டும் என்பதை ஊர்மக்கள் தீர்மானித்தார்கள்.

பதிவேடு மௌனமாகும் விதம்

இதே அனுபவத்துக்கு மறுபக்கமும் உண்டு. பதிவேட்டில் ஒரு சொல் எழுதினால் ஒரு தாய் கைதாகக்கூடும் என்ற நிலை வந்தால், அந்தச் சொல் எழுதப்படாது. செவிலியர் அதே ஊர்களில் நாள்தோறும் நடமாட வேண்டியவர். அடுத்த பிரசவத்துக்கு அதே வீட்டின் கதவைத் தட்ட வேண்டியவர். "சமூகக் காரணங்கள்" என்பது "மூச்சுத்திணறல்" ஆகவோ "எடைக் குறைவு" ஆகவோ மாறிவிடுவதற்கு ஒரு பேனா போதும். மறுபுறம், ஸ்கேன் மையங்கள் சிறு நகரங்களுக்கும் வந்துசேர்ந்தபோது, கருவின் பாலினத்தை அறிவதைத் தடைசெய்யும் 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மீறி, பிறந்த பின் நடந்தது பிறக்கும் முன்னரே நடக்கத் தொடங்கியது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதைக் காட்டிக்கொடுக்கிறது. ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் இருந்த பெண் குழந்தைகள் 1991-ல் 948, 2001-ல் 942, 2011-ல் 943. சிசுக்கொலை குறைந்ததாகச் சொல்லப்பட்ட இருபது ஆண்டுகளில் இந்த விகிதம் உயரவில்லை. ஓர் எண் குறைந்தவுடன் வெற்றி என்று அறிவிப்பவர் நல்ல ஆய்வாளர் அல்லர். குறைந்த வன்முறை உண்மையிலேயே மறைந்ததா, அடுத்த பத்திக்கு இடம்பெயர்ந்ததா என்று பார்ப்பதே அவருடைய முதல் கடமை.

கைரேகைச் சட்டத்தின் நினைவு

இரண்டாம் பாடம் இதைவிடப் பழையது. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர்களைப் பதிவு செய்யும் பணி, ஆங்கிலேய ஆட்சியில் மதுரைக்கு மேற்கே தீவிரமாக நடந்தது. வயதுவந்த ஆண்களின் கைரேகை எடுக்கப்பட்டது. இரவில் குறித்த இடத்தில் முகங்காட்ட வேண்டும். வெளியூர் செல்ல அனுமதிச் சீட்டு வேண்டும். உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில், மாயக்காள் என்ற பெண் உட்பட பதினைந்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்க 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தப் பதிவேட்டுக்கும் அன்றைய ஆட்சி சொன்ன நோக்கம் குற்றத் தடுப்புதான். ஒருவர் என்ன செய்தார் என்பதை விட்டுவிட்டு, அவர் யாருக்குப் பிறந்தார் என்பதிலிருந்து நாளைய குற்றத்தைக் கணித்தது அது. 'குற்றம் நிகழக்கூடிய பகுதி', 'ஆபத்து மிகுந்த நபர்' என்றெல்லாம் இன்று மென்பொருள்கள் வகைப்படுத்தும்போது, தேனியிலும் உசிலம்பட்டியிலும் உள்ள குடும்பங்களுக்கு அது புதிய சிந்தனையாகத் தெரியாது. தாத்தா ரேகை வைத்த கதை அந்த வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது.

அச்சம் கற்பனையானதும் அல்ல. தமிழ்நாடு காவல்துறை 2021 முதல் முக அடையாள மென்பொருளைப் பயன்படுத்துகிறது. 2024 மே மாதத்தில் அந்தத் தளத்துக்குள் அத்துமீறி நுழைவு நடந்ததாகச் செய்தி வெளியானது. 2023-ல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்கப் பரந்த இடம் வைத்திருக்கிறது. சேகரிக்கப்பட்ட தரவு, சேகரித்த நோக்கத்தோடு நின்றுவிடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தவறாகப் பயன்படுத்தவே முடியாத வடிவில் தரவைத் தொடக்கத்திலேயே அமைப்பதுதான் ஒரே உறுதி.

பெயர் கேட்காத கணக்கு

அப்படி அமைக்க முடியும் என்பதை வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரம் காட்டியிருக்கிறது. முகத் தாடை அறுவைச் சிகிச்சை நிபுணரான ஜொனாதன் ஷெப்பர்ட், தம்மிடம் சிகிச்சைக்கு வந்த அடிதடிக் காயங்களில் பெரும்பகுதி காவல்துறையின் கணக்கில் இல்லை என்பதைக் கவனித்தார். அவசரப் பிரிவில் பதிவு செய்யும் ஊழியர்கள், எந்த இடத்தில், எந்த நேரத்தில், எதனால் தாக்கப்பட்டீர்கள் என்று கேட்டுக் குறித்தனர். பெயரும் முகவரியும் நீக்கப்பட்டு, தொகுத்த விவரம் மட்டும் நகராட்சிக்கும் காவல்துறைக்கும் சென்றது. மதுக்கூடங்களின் கண்ணாடிக் குவளைகள், தெரு விளக்குகள், இரவுப் போக்குவரத்து, ரோந்து நேரம் என மாற்றங்கள் இடத்தில் செய்யப்பட்டன. எவர்மீதும் முத்திரை குத்தப்படவில்லை. 2011-ல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வின்படி, ஒப்பிடத்தக்க பிற நகரங்களைவிட அங்கே வன்முறைக் காயங்களுக்கான மருத்துவமனைச் சேர்க்கை 42 விழுக்காடு குறைவாக இருந்தது.

நம் அரசு மருத்துவமனைகளிலும் இதற்கான அடித்தளம் உண்டு. தாக்குதல், விபத்து, விஷம் அருந்துதல் ஆகிய காரணங்களால் வருவோர் அனைவரும் விபத்துப் பதிவேட்டில் இடம்பெறுகிறார்கள். நீதிமன்றம் கேட்டால் நகல் எடுத்துத் தருவதோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது. மாத இறுதியில் யாரும் அதைக் கூட்டிப் பார்ப்பதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கில் கூட்டிப் பார்ப்பது எளிதும் அல்ல. கம்பம் அரசு மருத்துவமனைக்கு வரும் ஒருவர், அங்கிருந்து க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரிக்கும், பிறகு மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கும் அனுப்பப்படலாம். ஒரே காயம் மூன்று பதிவேடுகளில் மூன்றாகத் தெரியும். மறுபுறம், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக அன்றாடம் ஜீப்பில் இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பெண் தொழிலாளருக்கு அங்கே நேரும் தாக்குதல், கேரள மருத்துவமனையில் பதிவாகும் அல்லது எங்குமே பதிவாகாது. முன்னதைக் கழிக்கவும் பின்னதைத் தேடவும் தெரிந்தவரே இங்கே தேவைப்படும் ஆய்வாளர். ஊரறியாத மென்பொருளால் இது இயலாது.

பலன் எங்கே கிடைக்கும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. தனக்குத் தானே இழைத்துக்கொள்ளும் தீங்கையும் வன்முறையின் வகைகளில் ஒன்றாகவே உலக சுகாதார நிறுவனம் கருதுகிறது. இலங்கையில் எந்தப் பூச்சிக்கொல்லியால் உயிரிழப்பு அதிகம் என்று மருத்துவமனைத் தரவுகள் காட்டின. 1990-களில் மிகக் கொடிய நச்சுகளுக்கு விதிக்கப்பட்ட தடைகளுக்குப் பின், சுமார் பத்தே ஆண்டுகளில் அந்நாட்டின் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. திராட்சைத் தோட்டமும் ஏலத் தோட்டமும் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில், எந்த மருந்து உயிரைப் பறிக்கிறது என்ற கணக்கு மாதந்தோறும் வேளாண்மைத் துறையின் மேசைக்குச் சென்றாக வேண்டும்.

சாதியைப் பதிவது எப்படி?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். சாதிப் பத்தியே வேண்டாம் என்றால், சாதி வன்முறையை எப்படிக் காண்பது? 1989-ல் போடிநாயக்கனூரில் நடந்த சாதிக் கலவரத்தைக் கண்ட மாவட்டம், சாதியை அறியாததுபோல நடிக்க முடியாது. விடை சட்டத்திலேயே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகள், வன்கொடுமை நிகழக்கூடிய பகுதிகளை முன்கூட்டியே கண்டறியுமாறு மாநில அரசைப் பணிக்கின்றன. மாவட்ட ஆட்சியர் தலைமையில் கண்காணிப்புக் குழுவும் உண்டு. பதியப்பட வேண்டியது பாதிக்கப்பட்டவரின் நிலையும், தண்ணீர், பாதை, திருவிழா, பள்ளி என மோதல் தொடங்கிய இடமும். அது பாதுகாப்பைக் கோரும் தரவு. குற்றம் சாட்டப்பட்டவரின் சாதியைத் திரட்டி ஒரு சமூகத்தின் 'குற்ற விகிதம்' கணக்கிடுவது, பெருங்காமநல்லூருக்குத் திரும்பிச் செல்லும் பாதை.

எனவே, அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. வன்முறைத் தரவு ஆய்வாளர் மாவட்டச் சுகாதார நிர்வாகத்தின்கீழ் இயங்க வேண்டும், காவல்துறையின்கீழ் அல்ல. மருத்துவர் காவல்துறைக்குத் தர வேண்டிய சட்டப்படியான தகவல் தன் வழியில் செல்லட்டும். ஆய்வுக்கான தரவில் பெயரோ முகவரியோ கைபேசி எண்ணோ இருக்கக் கூடாது. ஒரு தெருவையோ ஒரு குடும்பத்தையோ அடையாளம் காட்டிவிடும் அளவுக்குச் சிறிய எண்கள் வெளியிடப்படக் கூடாது. ஆய்வின் முடிவு ஆட்சியருக்குச் செல்லும்போதே கிராம சுகாதார செவிலியருக்கும் ஊராட்சிக்கும் சென்றாக வேண்டும். தான் எழுதும் வரி தன் ஊரைத் தண்டிக்காது, காக்கும் என்று செவிலியர் நம்பினால்தான் அடுத்த வரியை உண்மையாக எழுதுவார். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில், எத்தனை கணினிகளை அடுக்கினாலும் அவற்றில் வந்து விழுவது வழுக்கி விழுந்தவர்களின் கணக்கு மட்டுமே.